வாயைத் திறந்து பார்க்காதவர்கள்

என் நாக்கில் மூன்றில் ஒரு பங்கு இப்போது இல்லை. இடது பக்கம். காதுக்குக் கீழே ஆரம்பித்துக் கழுத்து வரைக்கும் ஒரு தையல் தழும்பு இருக்கிறது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் என்ன ஆச்சு என்று கேட்கிறார்கள். பேசுவது எனக்குக் கஷ்டம். அதனால் ஒரு தடவை எழுதி வைத்துவிடுகிறேன். படித்தது எட்டாவது. நீட்டி எழுத வராது.

ஆரம்பத்தில் அது ஒரு புண். பச்சைப்பயறு அளவு. நாக்கின் ஓரத்தில், உடைந்த கடைவாய்ப் பல் உரசும் இடத்தில். அப்போதே போயிருந்தால் ஒரு நகக்கண் அளவு சதையோடு முடிந்திருக்கலாம் என்று டாக்டர் பிறகு சொன்னார். நான் போகவில்லை. எட்டு மாதம் அதற்குக் குளிர்ச்சி கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஏனென்றால் அது சூடு. எல்லோரும் சொன்னார்கள்.

நம் ஊரில் சூடு என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் கேள்வி கிடையாது. கண் எரிந்தால் சூடு. மூக்கில் ரத்தம் வந்தால் சூடு. கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் பிள்ளை உண்டாகாவிட்டாலும் சூடு. வாய்ப்புண்ணைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அதிலும் நான் உலை பார்க்கிறவன். என்னைக் கண்டதும் தீர்ப்பு தயாராக இருக்கும்.

உலை திருவெறும்பூர் பக்கம் ஒரு ஷெட்டில் இருக்கிறது. பெரிய தொழிற்சாலைகளுக்குப் பாகங்கள் வெல்டு போட்டுக் கொடுக்கும் சின்ன ஷெட். வெல்டு போட்ட இரும்புக்குள் ஒரு இறுக்கம் தங்கிவிடும். வெளியே தெரியாது. அப்படியே விட்டால் என்றைக்காவது விரிசல் விடும். அதனால் உலைக்குள் வைத்து மெதுவாகச் சூடேற்றி, ஒரே சூட்டில் சில மணி நேரம் நிறுத்தி, மெதுவாக ஆறவிட வேண்டும். ஏறுவதும் அளவாக, இறங்குவதும் அளவாக. இரும்பின் மேல் தெர்மோகப்பிள் கம்பியை ஒட்டியிருப்போம். இரும்பு எவ்வளவு சூடாக இருக்கிறது என்று அது பேனலுக்குச் சொல்லும். பேனல் அதைக் கேட்டு நெருப்பைக் கூட்டும், குறைக்கும். ஒரு பேனா சார்ட் பேப்பரில் கோடு போட்டுக்கொண்டே போகும். கோடு கொஞ்சம் விலகினாலும் எழுந்து ஓடுவேன். இருபது வருஷமாக அதுதான் என் வேலை.

சார்ட் ஓடும்போது கண் அசரக்கூடாது. அதற்காகப் புகையிலை. பொட்டலத்தில் இருந்து ஒரு சிட்டிகை எடுத்து இடது கன்னத்துக்குள் ஒதுக்குவேன். டீ வந்தால் துப்பிவிட்டு, டீ முடிந்ததும் மறுபடி வைப்பேன். அதுவும் இருபது வருஷம். ஒரே இடம்.

நெருப்பு எனக்கு எட்டடி தூரத்தில் இருந்தது. புகையிலை நாக்கை ஒட்டி இருந்தது. எட்டடி தூரத்தில் இருந்ததைத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.

முதல் வைத்தியர் என் மச்சான். மனைவியின் அண்ணன். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சர்பத் கடை வைத்திருக்கிறார். நன்னாரி, எலுமிச்சை, ரோஸ் மில்க். கடைக்கு முன்னால் குளிர்ச்சி. பெஞ்சுக்கு அடியில், சாக்குக்குள், விற்கக்கூடாத பொட்டலம். எனக்குப் புகையிலை கொடுத்ததும் அவர்தான். நான் குடியிருப்பது ஸ்ரீரங்கம். சத்திரத்தில் இறங்கி வேறு பஸ் பிடித்துத்தான் திருவெறும்பூர் போக வேண்டும். ஆகவே அவரைப் பார்க்காமல் ஒரு நாளும் விடியாது.

"என்ன மாப்ள, தண்ணியக்கூட ஒரு பக்கமா குடிக்கிறீங்க?"

"நாக்குல புண்ணு."

"சூடு."

அவர் தலையைத் தூக்கவில்லை. எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டிருந்தார்.

"உலைக்கிட்ட நிக்கிற உடம்பு, பின்ன என்ன செய்யும்? கறி மீனுக்கு லீவு விடுங்க. சப்ஜா விதை போட்டுத் தரேன், ஒரே மூச்சுல குடிங்க. சனிக்கிழமை தலைக்கு எண்ணெ வைங்க. மூணே நாளு."

"பதினஞ்சு நாளா இருக்கு மச்சான்."

"அப்ப ரெண்டு கிளாஸா குடிங்க."

பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். சர்பத்தைக் குடித்தேன். ஒரு பொட்டலத்தையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். இரண்டையும் ஒரே கையால்தான் கொடுத்தார். இரண்டையும் ஒரே வாயில்தான் போட்டுக்கொண்டேன். அவரை மட்டும் முட்டாள் என்று சொன்னால் பாதிதான் சொன்னதாகும்.

வீட்டில் மனைவி மணத்தக்காளிக் கீரையில் இறங்கினாள். கூட்டு, மசியல், பொரியல், வற்றல் குழம்பு. தினமும் காலையில் வெறும் வயிற்றில் தேங்காய்ப்பால். புண் பயறில் இருந்து மொச்சைக்கு வந்தது. அவள் கீரையைக் கூட்டினாள்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டேன். வாய்ப்புண் என்று சொன்னதுமே கடைப் பையனின் கை அலமாரிக்குப் போய்விட்டது. மஞ்சள் மாத்திரை ஒரு அட்டை, தடவுவதற்கு ஒரு டியூப். "ஹீட்டுண்ணே" என்றான். அவன் படித்தவன். அதனால் ஹீட் என்றான்.

எங்கள் வீட்டுக்காரர் ஸ்ரீரங்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர். பெருமாள் கைங்கரியக் குடும்பம். ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். கீழே அவர், மாடியில் நாங்கள். தண்ணீர் மோட்டார் போடப் போனபோது கூப்பிட்டார்.

"என்ன ஓய், மொகம் வாடியிருக்கு?"

சொன்னேன். கையை நீட்டச் சொன்னார். நாடியில் மூன்று விரல் வைத்தார். வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ரொம்ப நேரம் மூடியிருந்தார்.

"சரீரம்னா வாதம், பித்தம், கபம் மூணும் சமமா இருக்கணும். சமம் தப்பித்துன்னா வியாதி. உமக்கு பித்தம் ஜாஸ்தியாயிடுத்து. அக்னி பக்கத்திலேயே ஜீவனம், வேற எப்படி இருக்கும்? திரிபலா தரேன். ராத்திரி வெந்நீர்ல சாப்பிடும். பகவான் பாத்துப்பார்."

பகவான் பார்த்தாரோ என்னவோ, இவர் பார்க்கவில்லை. கை நாடியில் இருந்து என் வாய் ஒன்றரை அடி இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு நாக்குப் புண்ணுக்கு மருந்து சொன்ன மனிதரை அன்றைக்குக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

ஆறாவது மாதம் மாசி முடிந்தது. சமயபுரத்து அம்மன் அப்போது இருபத்தெட்டு நாள் பச்சைப் பட்டினி இருப்பாள். சமைத்த நைவேத்தியம் கிடையாது. இளநீர், பானகம், நீர்மோர், துள்ளுமாவு இவைதான். ஜனங்களுக்காக அவள் இருக்கும் விரதம். நானும் அந்த விரதம் இருக்க வேண்டும் என்றாள் மனைவி.

"இத விடக் குளிர்ச்சி உலகத்துல ஏதுங்க? அம்மாவே அதத்தான் சாப்பிடுறா."

மஞ்சள் துணி கட்டிக்கொண்டேன். இருந்தேன். மோரும் வெள்ளரிப்பிஞ்சும். விரதத்தில் புகையிலையை விட்டேனா என்று கேட்பீர்கள். விடவில்லை. புகையிலை சாப்பாடு இல்லை, விழுங்குவதில்லை, ஆகவே விரதம் கெடாது என்று நானே ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தேன். அம்மனை நான் குறை சொல்லவில்லை. அவள் வாயில் பொட்டலம் இல்லை.

எட்டுக் கிலோ இளைத்தேன். பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள்.

"பாத்தீங்களா மாப்ள! உடம்பு வத்திக் கிண்ணுனு ஆயிடுச்சு. ஊளைச் சதையெல்லாம் போயி சூடு எறங்கிடுச்சு."

அதோடு புண்ணில் வலியும் குறைந்திருந்தது. முதலில் உப்பு பட்டால் எரியும். இப்போது எரியவில்லை. மரத்த மாதிரி இருந்தது. விரலால் தொட்டால் ஓரம் கெட்டியாக, செருப்பு வார் மாதிரி இருந்தது. வலி இல்லை என்றால் ஆறிவிட்டது. அதுதானே நமக்குத் தெரிந்த வைத்தியம். மனைவி சமயபுரம் போய் மாவிளக்குப் போட்டுவிட்டு வந்தாள்.

இளைத்தது நோயால். எரியாதது புண் ஆறியதால் இல்லை. நாங்கள் மாவிளக்குப் போட்டோம்.

என் வாயை முதன்முதலில் பார்த்த ஆள் என் மேல் அக்கறையில் பார்க்கவில்லை. சந்தேகத்தில் பார்த்தார். ஷெட்டுக்கு இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறவர். சார்ட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் சரக்கு வெளியே போகும். யாரோடும் சிரித்துப் பேசாதவர். ஒரு நாள் காலை பத்து மணிக்கு வந்து ஏதோ கேட்டார். நான் பதில் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"என்னய்யா, காலைலயே குடிச்சிருக்கியா?"

"இல்ல சார்."

"நாக்கு குழறுது. உலைக்கிட்ட குடிச்சிட்டு நிக்கிறவன் கையெழுத்து எனக்கு வேணாம். வாயை ஊது."

ஊதினேன். புகையிலை வாடைதான் வந்திருக்கும். அவருக்குத் திருப்தி இல்லை.

"திற. நல்லாத் திற."

வெல்டு உள்பக்கம் பார்க்க வைத்திருந்த டார்ச்சை வாய்க்குள் அடித்தார். டார்ச்சை அணைத்தார்.

"இது எத்தன நாளா இருக்கு?"

"ஏழெட்டு மாசம் சார். சூடு."

"என்னது?"

"சூடு சார்."

"வெல்டுல இந்த மாதிரி ஒண்ணப் பாத்தா என்ன செய்வ?"

"நிறுத்துவேன்."

"மேல பெயின்ட் அடிச்சு அனுப்ப மாட்டியே?"

"மாட்டேன் சார்."

"அப்ப போ. இன்னிக்கே போ."

எட்டு மாதத்தில் எனக்கு ஒழுங்காக வைத்தியம் சொன்னவர் அவர் ஒருத்தர்தான். அவர் இரும்பு பார்க்கிறவர்.

ஆஸ்பத்திரியில் ஒரு துணுக்குச் சதை எடுத்து அனுப்பினார்கள். முடிவு வந்தது. டாக்டர் ஒரு அம்மா. சுற்றி வளைக்காமல் புற்றுநோய் என்று சொன்னார். நாக்கில் ஒரு பகுதியை எடுக்க வேண்டும், கழுத்தில் நெறிக்கட்டிகளையும் எடுக்க வேண்டும், பிறகு கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும். மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள்தான் கேட்டாள்.

"சூட்டுனாலதானம்மா? உலையில வேலைங்க."

டாக்டர் கோபப்படுவார் என்று நினைத்தேன். இல்லை. தினம் பத்துப் பேரிடம் சொல்கிறவர் மாதிரி சொன்னார்.

"சூடு இல்லம்மா. வாய்க்குள்ள இருக்கற தோலு தினமும் தேயும், தினமும் புதுசா வரும். எவ்வளவு தேயுதோ அவ்வளவுதான் வரணும். வந்ததும் போதும்னு ஒரு சேதி போகும், செல்லெல்லாம் நின்னுடும். கெட்டுப்போன செல்லு தானாவே செத்துடும். சாகலன்னா அதப் புடிச்சுக் கொல்றதுக்கும் உடம்புல காவல் இருக்கு. இந்த மூணும் சரியா நடக்கற வரைக்கும் நமக்கு ஒண்ணும் தெரியாது. உங்க வீட்டுக்காரரு இருவது வருஷமா புகையிலைய ஒரே எடத்துல வச்சிருக்காரு. அது செல்லுக்குள்ள போயி, எப்ப வளரணும் எப்ப நிக்கணும்ங்கற உத்தரவையே கெடுத்துடும். பக்கத்துல ஒடஞ்ச பல்லு. தினமும் கீறுது. கீறினா உடம்பு சும்மா இருக்காது. ஆறவைக்கறதுக்காக புதுசு போடு, புதுசு போடுன்னு சொல்லும். ஆறல. மறுபடி கீறல். ஓய்வே கெடையாது. அந்த அவசரத்துல நில்லுன்னா நிக்காத செல்லு ஒண்ணு தலையெடுத்துடுச்சு. காவலுக்கும் டிமிக்கி குடுத்துடுச்சு."

"பல்லப் புடுங்கியிருந்தா வந்திருக்காதா?" என்று கேட்டேன்.

"பல்லு மட்டும்னா தப்பிச்சிருக்கலாம். புகையில மட்டும்னாலும் சொல்ல முடியாது. நீங்க ரெண்டையும் சேத்து வச்சீங்க."

எனக்கு அப்போது ஷெட்டில் நடந்த ஒன்று ஞாபகம் வந்தது. சில வருஷம் முன்னால், மூன்று கம்பி ஒட்ட வேண்டிய இடத்தில் சோம்பேறித்தனமாக ஒரே கம்பி ஒட்டினேன். அது இரும்பில் இருந்து கழன்று கதவோரம், குளிர்ந்த பக்கம் விழுந்துவிட்டது. பேனலுக்கு அது தெரியாது. இரும்பு இன்னும் குளிராக இருக்கிறது என்றுதான் அதற்குச் சேதி போனது. அதனால் நெருப்பைக் கூட்டியது. இன்னும் கூட்டியது. கோடு மட்டும் சார்ட்டில் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. நான் கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கதவைத் திறந்தபோது இரும்பு தொய்ந்து வளைந்து கிடந்தது. போதும் என்ற சேதி போய்ச் சேரவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

அதற்குப் பிறகு ஒரே ஒரு கம்பியோடு நான் விட்டதே இல்லை. இரும்புக்கு. என் வாய்க்கு எட்டு மாதம் வெளியில் இருந்து கோடு பார்த்துக்கொண்டிருந்தேன். வலி இல்லை, உடம்பு இளைத்திருக்கிறது, கோடு ஒழுங்கு.

நாடி பார்த்த வீட்டுக்காரர் சொன்னதில் சமம் தப்பிவிட்டது என்பது மட்டும் சரி. அதைச் சொன்னவர் வாயைத் திறக்கச் சொல்லியிருந்தால் எனக்கு நாக்கு இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். சமம் என்றால் இளநீர் ஒரு பக்கம், உலை ஒரு பக்கம் வைத்துத் தராசு பிடிப்பது என்று நினைத்துவிட்டோம். பிறக்கிறதும் சாகிறதும் ஒன்றுக்கொன்று ஈடாக இருக்கும் சமம் அது. கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிற வேலை. அது கெட்டால் கீரை கேட்காது.

அறுத்தார்கள். மூக்கில் குழாய் வழியாகக் கஞ்சி. பிறகு ஆறு வாரத்துக்கு மேல் கரண்ட். வாய் முழுக்க வெந்து போனது. எட்டு மாதம் சூடு சூடு என்று பயந்த வாயில் உண்மையான சூடு அப்போதுதான் பட்டது. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. பொறுத்துக்கொண்டேன்.

பார்க்க வந்தவர்கள் வந்தார்கள். ஹார்லிக்ஸ் கொண்டுவந்தார்கள். எனக்குத் தொண்டையில் தண்ணீர் இறங்கவில்லை. "நல்ல மனுஷனுக்குத்தான் சோதனை" என்றார்கள். நல்ல மனுஷனும் இல்லை, சோதனையும் இல்லை. பொட்டலமும் உடைந்த பல்லும். சொல்ல முடிந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு குலை இளநீர்.

"கரண்டு வச்ச உடம்பு மாப்ள. சூடு எலும்புல எறங்கியிருக்கும். தெனம் ஒண்ணு சீவிக் குடிங்க."

இடது கன்னம் உப்பியிருந்தது. பேசும்போது உதட்டை அகலத் திறக்கவில்லை. மனைவி காபி கொடுத்தாள். அவர் வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்து குடித்தார். முதல் மடக்கில் கண்ணைச் சுருக்கினார். எனக்கு அந்தச் சுருக்கம் தெரியும்.

"வாயத் திறங்க."

"என்னது?"

நான் பேசுவது முதல் தடவையில் யாருக்கும் புரிவதில்லை. மறுபடி சொன்னேன்.

"பல்லப் புடிச்சுப் பாக்க நான் என்ன சந்தைக்கு வந்த மாடா மாப்ள?" என்று சிரித்தார். "காப்பி சூடு. அதான்."

"அண்ணே, திற" என்றாள் மனைவி.

"ஏ, நீ வேற."

"திறக்கப் போறியா இல்லியா? எட்டு மாசம் கீரை ஆஞ்சவ நானு. ஒரு நாளு இவரு வாயப் பாக்கல. உன்னோடத பாக்காம விட மாட்டேன்."

அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவரும் கேட்டிருக்க மாட்டார். திறந்தார். நான் டார்ச் அடித்தேன். கன்னத்தின் உள்பக்கம் பாலாடை படிந்த மாதிரி வெள்ளை. நடுவில் கொஞ்சம் சிவப்பு. துணியால் துடைத்துப் பார்த்தேன். போகவில்லை.

"எத்தன நாளா?"

"அது சூடு மாப்ள. கடையில என்ன வெயிலு தெரியுமா?"

நாள் முழுக்க ஐஸில் கை வைத்துக்கொண்டு நிற்கிறவர். அவருக்கும் சூடு.

மறுநாள் காலை அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகச் சத்திரத்தில் இறங்கினேன். அவர் கடையைத் திறந்து எலுமிச்சம்பழத்தை அறுக்க ஆரம்பித்திருந்தார். என்னைப் பார்த்ததும் கத்தியை வேகமாக ஓட்டினார்.

"இன்னிக்கு முகூர்த்த நாளு மாப்ள, கூட்டம் வரும். அடுத்த வாரம் போலாம்."

கத்தியை வாங்கிக் கீழே வைத்தேன். பழங்களை எடுத்து வாளியில் போட்டேன். ஷட்டரை இழுத்துவிட்டேன். அவர் ஏதேதோ சொல்லிக்கொண்டே வந்தார். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். பாலக்கரை தாண்டியதும் என் கழுத்துத் தழும்பைப் பார்த்தார். அதுவரைக்கும் அதை அவர் நேராகப் பார்த்ததில்லை.

"ஒண்ணும் இருக்காதுல்ல மாப்ள?"

"பாத்தாத் தெரியும்."

அதே டாக்டர். வாயைத் திறங்க என்றார். திறந்தார். துணுக்கு எடுத்தார்கள். முடிவு வந்தது. இன்னும் புற்று ஆகவில்லை. ஆகிற வழியில் இருக்கிறது. அந்தத் தோலை எடுத்துவிட்டார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்ட வேண்டும், புகையிலையைத் தொடவே கூடாது என்றார் டாக்டர். எல்லாம் கேட்டுத் தலையாட்டிவிட்டுக் கடைசியில் மச்சான் ஒரு கேள்வி கேட்டார்.

"இளநி குடிக்கலாமா டாக்டர்?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

அவருக்கு நாக்கு முழுசாக இருக்கிறது. கடையில் நின்று மறுபடி எல்லோருக்கும் சூடு சொல்லிக்கொண்டிருக்கிறார். பெஞ்சுக்கு அடியில் சாக்கு இல்லை, எடுத்துவிட்டேன் மாப்ள என்கிறார். நான் தினமும் பஸ் மாறும்போது குனிந்து பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.